மூச்சு விடும் சுவர்கள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, தோணிரேவு)

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்” என்பது பழமொழி. வீடு கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நம் பெரியோர் இப்படிச் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டைக் காப்பது அதைவிடக் கடினம் என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்துகொண்டேன். அதை அறிய எனக்கு இரண்டு வீடுகள் உதவின. ஒன்று, செட்டிநாட்டில் நான் ஒரு மணி நேரம் மட்டுமே பார்த்த பெரிய வீடு. மற்றொன்று, பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவில் நான் பிறந்து வளர்ந்த சின்ன வீடு.

சென்ற ஆண்டு நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஓரியூருக்குத் திருயாத்திரை சென்றோம். புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு மறைசாட்சியாக உயிர்நீத்த ஊர் அது. அங்குள்ள செம்மணலைத் தொட்டு வணங்கித் திருப்பலி கண்டபின், தேவகோட்டை, காரைக்குடி வழியாகத் திரும்பினோம். காரைக்குடியைத் தாண்டியதும் சிஸ்டர், “சரித்திரப் பாடத்தைப் புத்தகத்தில் படித்தது போதும், கண்ணாலும் பாருங்கள்” என்று சொல்லிப் பேருந்தைக் கானாடுகாத்தானுக்குத் திருப்பச் சொன்னார்கள்.

கானாடுகாத்தான் ஒரு சிற்றூர். ஆனால் அதன் தெருக்களில் நிற்கும் வீடுகளோ அரண்மனைகள்! அவற்றுள் புகழ்பெற்றது ‘செட்டிநாட்டு அரண்மனை’ எனப்படும் ராஜா வீடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்கள் 1912-இல் கட்டிய வீடு இது. இது அந்தக் குடும்பத்தாரின் சொந்த வீடு ஆகையால் தெருவில் நின்றே அதன் முகப்பைக் கண்டு வியந்தோம். பிறகு அதே காலத்து வேறொரு வீட்டைக் காவல் காக்கும் பெரியவர் எங்களுக்காகத் திறந்து காட்டினார். நாங்கள் நாற்பது பேரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தோம்.

வீடு அமைந்த விதம்

செட்டிநாட்டு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அவ்வளவு நீளம்! வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாக, ஒரே நேர்க்கோட்டில் கடைசிக் கட்டு வரை கண் செல்கிறது. தெருவை விட வீடு பல படிகள் உயர்ந்து நிற்கிறது.

முதலில் முகப்பு. இங்கே இருபுறமும் திண்ணை. ஆண்கள் அமர்ந்து கணக்கு வழக்குப் பார்ப்பதும் விருந்தினரை வரவேற்பதும் இங்கேதான். அடுத்தது வளவு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. நகரத்தார் ஒவ்வொரு தம்பதியையும் ஒரு ‘புள்ளி’ என்று கணக்கிடுவார்களாம். ஒரே வீட்டில் எத்தனை புள்ளிகள் வாழ்ந்தாலும் அவரவர் பொருள் அவரவர் அறையில். திருமணமும் பூசையும் மட்டும் எல்லாருக்கும் பொதுவான வளவில். இரண்டாம் கட்டில் பந்தி பரிமாறுவார்கள். அதற்கும் பின்னால் சமையற்கட்டு, ஆட்டுக்கல், அம்மி, கிணறு.

இந்த அமைப்பு வெறும் ஆடம்பரத்துக்காக அன்று. செட்டிநாடு வெயில் கொளுத்தும் வறண்ட பூமி. பகலில் முற்றத்தின் சூடான காற்று மேலெழும்பிச் செல்ல, நிழலில் கிடக்கும் குளிர்ந்த காற்று தாழ்வாரங்களின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. கூரை ஓடுகள் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் முற்றத்தில் விழுகிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். மிகுந்தது வடிகால் வழியே ஊருணிக்குப் போய்ச் சேரும். மின்விசிறி இல்லாத அந்த வளவில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் நின்றோம். ஒருத்திக்கும் வேர்க்கவில்லை!

இத்தனை பெரிய வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடல் கடந்து வந்தது. 1885-இல் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமானது. அங்கே ஐராவதி ஆற்றுச் சமவெளியில் நெல் விளைச்சல் பெருகியபோது, விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து வட்டித்தொழில் செய்தவர்கள் நகரத்தார். இலங்கை, மலேயா நாடுகளிலும் அவர்கள் தொழில் நடந்தது. ஊர் திரும்பும்போது பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியத்துக் கண்ணாடியும் கப்பலேறி வந்தன. அவற்றை வீடாக்கிக் காட்டியவர்களோ நம் நாட்டுக் கொத்தனார்களும் தச்சர்களும் சிற்பிகளுமே. வாசற்கதவின் மேல் கஜலட்சுமியைச் செதுக்கிய அதே கைகள், மாடி முகப்பில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயையும் சுதையில் வடித்து நிறுத்தியிருக்கின்றன.

காலடியில் ஒரு பூந்தோட்டம்

தரையைப் பார்த்தால் பூக்கோலம் விரித்தது போல இருக்கிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் கற்கள் இவை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். பின்பு வெயிலில் உலர்த்தித் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க அதன் பளபளப்புக் கூடுமே தவிரக் குறையாதாம்.

சுவரின் இரகசியம்

ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது சுவர்தான். முகம் பார்க்கலாம் போல அவ்வளவு பளபளப்பு! தொட்டால் சில்லென்று இருக்கிறது. “இது என்ன பெயிண்ட் தாத்தா?” என்று ஒருத்தி கேட்டாள். பெரியவர் சிரித்துவிட்டார். “பெயிண்டா? இது சுண்ணாம்பும்மா! கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்தது. என் வயசைவிட இதுக்கு வயசு அதிகம்” என்றார்.

கிளிஞ்சல் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பழவேற்காடு ஏரியிலும் கரையிலும் கிளிஞ்சல் படிவுகள் ஏராளம். அவற்றைத் தோண்டி எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது எங்கள் பக்கத்தில் நடந்து வந்த தொழில். சிறு வயதில் நான் சொப்பு விளையாடிய கிளிஞ்சலா இந்த அரண்மனைச் சுவரானது!

ஊருக்கு வந்ததும் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைத் தோழியருக்கும் சொல்கிறேன், பரீட்சைக்கும் உதவும். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கிக் கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். மணல் சேர்த்து இதைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். அதாவது, சுட்ட கிளிஞ்சல் சுவரில் ஏறியபின் மீண்டும் கிளிஞ்சல் ஆகிறது! இது ஒரே நாளில் நடப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சுண்ணாம்புச் சுவர் வயதாக வயதாக இறுகுகிறது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. மழைக்காலத்தில் சுவர் குடித்த ஈரத்தை வெயில் வந்ததும் அவற்றின் வழியே வெளியே விட்டுவிடும். “பழைய சுவர் மூச்சு விடும்” என்று பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான்.

ஏன் அழிகின்றன?

இத்தனை சிறப்புடைய வீடுகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில இடிந்துவிட்டன. காரணம் பல. 1930-களில் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். 1962-இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் தொழில்கள் யாவும் அரசுடைமையாயின. கடல் கடந்து வந்த வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைக்கப் போனார்கள்.

மற்றொரு காரணம் பங்கு. நான்கு மகன்களுக்காகக் கட்டிய வீட்டுக்கு மூன்று தலைமுறை கழித்து நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். ஓடு மாற்றவேண்டுமென்றால் நாற்பது பேரும் சம்மதித்துப் பணம் போடவேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் ஓடு மாறாது. ஆனால் மழை யாருக்காகவும் காத்திராது. கடைசியில் தூணைத் தனியாக, கதவைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே சாய்த்து வைத்திருந்த தேக்குத் தூண்களைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. எந்த வளவைத் தாங்கிய தூண்களோ!

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சின்னங்களைத் தேசிய முக்கியத்துவம் உடையவை என அறிவித்துக் காக்கலாம். எங்கள் பழவேற்காட்டிலேயே டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. 1613-இல் கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரர்கள் அங்கே உறங்குகிறார்கள். இறந்தவர்கள் உறங்கும் இடத்துக்கு வேலியும் காவலும் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கோ, பெரும்பாலும் குடியிருப்பவர்களே காவல்.

அந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் பல ஆண்டுகள் வாழ்ந்த ‘தியாகராச விலாசம்’ என்னும் திருவல்லிக்கேணி வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. செல்லரித்த ஏட்டையும் காப்பாற்றியவரின் வீட்டை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் வாழ்ந்த வீடு அரசின் நினைவு இல்லமாக நிற்கிறது என்பது ஓர் ஆறுதல்.

காக்கும் வழிகள்

செட்டிநாட்டில் சில வீடுகள் பிழைத்துக்கொண்டன. எப்படி? பயன்பாட்டால். கானாடுகாத்தான், காரைக்குடி, கொத்தமங்கலம் முதலிய ஊர்களில் சில வீடுகள் பழமை கெடாமல் பழுது பார்க்கப்பட்டு விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. வேறு சில வீடுகளில் பங்காளிகள் பொதுவாகப் பணம் போட்டு ஒரு காவலரை வைத்து, திருமணம், மணிவிழா என்றால் எல்லாரும் வந்து கூடுகிறார்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பகுதி பகுதியாகப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி, உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது.

பட்டியலில் இடம்பெறுவது பெருமைதான். ஆனால் பட்டியல் ஓடு மாற்றாது. வீட்டைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி, ஒழுகும் இடத்தை அந்த மழையிலேயே கவனிக்கும் ஒருவர் வேண்டும். பழுது பார்க்கும்போது அந்த வீடு எதனால் கட்டப்பட்டதோ அதனாலேயே பழுது பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை நான் எங்கள் வீட்டில்தான் கற்றேன்.

எங்கள் வீட்டுச் சுவர்

தோணி கட்டும் துறை ஆதலால் எங்கள் ஊர் தோணிரேவு. எங்கள் வீடு என் கொள்ளுத்தாத்தா கட்டியது. இரண்டு முழம் கனமுள்ள செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்து, மங்களூர் ஓடு, வாசலில் வலை பின்ன ஒரு திண்ணை. இதில் பர்மாத் தேக்கும் இல்லை, பளிங்கும் இல்லை. ஆனால் ஆயா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, ஆறு பிள்ளைகளைப் பெற்று, எத்தனையோ புயல்களைப் பார்த்துவிட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிச்சுவரில் காரை பெயர்ந்தது. ஒரு கொத்தனாரை அழைத்தோம். “சுண்ணாம்பெல்லாம் இப்போ யாரும் போடுறதில்லை” என்று சொல்லிச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். பார்க்கப் புதுவீடு போலத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்தபோது உட்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. செங்கல் மாவாக உதிர்ந்தது. தம்பிக்கு இருமல் விடவில்லை. “வீட்டுக்கு வயசாயிடுச்சு, இடிச்சிட்டுக் கான்கிரீட் போட்டுடலாம்” என்றார் பெரியப்பா.

கானாடுகாத்தானிலிருந்து திரும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது. வீடு வயதாகிக் கெடவில்லை. மூச்சு முட்டிக் கெட்டது! எங்கள் ஊர் நிலத்தடி நீர் உப்பு நீர். அது செங்கல் வழியாக மேலேறும். முன்பு சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டது. சிமெண்டுப் பூச்சு அதை அடைத்துவிட்டது. வெளியே போக வழியில்லாத ஈரம் உள்ளே திரும்ப, அதிலிருந்த உப்பு காய்ந்து படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது.

இதை நான் வீட்டில் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். ஆயா மட்டும் சிரிக்கவில்லை. “உங்க தாத்தா வருசா வருசம் சுண்ணாம்பு அடிக்காம தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் கொண்டாட மாட்டாரு. அது அழகுக்குன்னு நினைச்சோம்” என்றார்கள். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஒரு சுவரை மட்டும் மாத்திப் பார்ப்போம்” என்றார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. மேற்குச் சுவரின் சிமெண்டைக் கொத்தி எடுத்து, நாட்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினார். கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்தார். சிமெண்டுப் பூச்சை விடச் செலவும் அதிகம், நாளும் அதிகம், அதை மறைக்கக்கூடாது. இந்த மழைக்காலம் போய்விட்டது. மேற்குச் சுவர் காய்ந்துவிட்டது. மற்ற மூன்று சுவர்களிலும் உப்பு இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரியப்பா தினமும் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் அப்பாவோடு மூவருக்குப் பங்கு உண்டு. வரும் கோடையில் மூவரும் கூடிப் பேசப்போகிறார்கள்.

தோழியரே, பழைய வீடுகளை எல்லாம் இடிக்காமல் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் ஓலைக் குடிசையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு மாறி, புயல் இரவிலும் நிம்மதியாக உறங்கும் குடும்பங்களைக் கடற்கரையோரம் எங்கும் காணலாம். அவர்களைப் போய்க் குறை சொல்லலாமா? ஆனால் உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்து வீங்கும். தளம் வெடித்துப் பெயரும். எந்த வீடும் கவனிப்பு இல்லாமல் நிற்காது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் தாத்தா பாட்டி வீடு பழையதாக இருந்தால், இடிப்பதற்கு முன், பூசுவதற்கு முன், அது எதனால் கட்டப்பட்டது என்று ஒரு முறை கேளுங்கள். சுவரை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெரியவர்களிடம், “வருடா வருடம் இதற்கு என்ன செய்வீர்கள்?” என்று விசாரியுங்கள். விடை தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்குச் சுண்ணாம்பு பூசிய கொத்தனாருக்கு வயது எழுபதுக்கு மேல். அவரிடம் வேலை பழக இதுவரை யாரும் வரவில்லை என்றார்.

அவர் அரைத்துக் காட்டிய விதத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டால் தருகிறேன்.